கடப்பாக்கம் கழிக்கரையில் கடைசிப் பறவைகள்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரத்தைத் தாண்டித் தெற்கே ஏறத்தாழ 50 கிலோ மீட்டர் சென்றால் கடப்பாக்கம் என்னும் ஊர் வரும். பேருந்தை விட்டிறங்கிக் கடற்பக்கமாகத் திரும்பினால் ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவர்கள் கண்ணில் படும். 1736க்கும் 1740க்கும் இடையே ஆற்காட்டு நவாபு தோஸ்து அலிகான் காலத்தில் எழுந்த கோட்டை அது. அங்கே துறைமுகம் இருந்தது, நாணயச்சாலை இருந்தது. ஜரிகைத் துணியும் உப்பும் நெய்யும் அங்கிருந்து கப்பலேறின. 1750இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1760இல் ஆங்கிலேயரால் தகர்க்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பவை செங்கல் சுவர்களும், அவற்றை ஒட்டி விரிந்து கிடக்கும் உப்பங்கழியும்தாம்.

கார்த்திகை மாதத்தில், மழை ஓய்ந்த ஒரு நாளில், சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு அந்தச் சுவரோரம் போய் நில்லுங்கள். கப்பல்கள் வராத துறைமுகத்திற்கு இன்றும் பயணிகள் வருவதைக் காண்பீர்கள். கழியின் சேற்றில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசையும். முதலில் கூழாங்கற்கள் என்றே தோன்றும். கண் பழகியதும் அவை ஓடும், நிற்கும், குனிந்து கொத்தும். பிறகு ஒரே வீச்சில் நூறு சிறகுகள் எழுந்து, வெயிலில் வெள்ளையாய்த் திரும்பி, மீண்டும் சேற்றில் இறங்கும். அவை உள்ளான்கள். அவற்றுள் பல, சில மாதங்களுக்கு முன்பு வரை உலகின் வடகோடியில், மரங்களே முளைக்காத பனிச் சமவெளியில் இருந்தவை.

வடபுலத்து நாடுகளில் பறவை ஆர்வலர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலம் கதவைத் தட்டுமுன், ஏரி உறைவதற்குள், கடைசியாகப் புறப்படும் வலசைப் பறவைகளைக் கரையில் நின்று பார்த்து வழியனுப்புவார்கள். அதற்குப் பின் பல மாதங்கள் அந்த நீர்நிலைகள் வெறிச்சோடிப் போகும். நமக்கோ நிலைமை வேறு. அவர்கள் வழியனுப்பிய பறவைகளுக்கு வாசல் திறக்க வேண்டியவர்கள் நாம். ஊரைப் பிரிந்து வளைகுடாவுக்கும் மலேசியாவுக்கும் சென்று வாழும் மக்களைக் கொண்ட நம் குடும்பங்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. ஒரு வீட்டில் கண்ணீரோடு அனுப்பப்படுபவர் மற்றோர் ஊரில் இரவு நேரத்தில் போய் இறங்குகிறார். அங்கே அவருக்குத் தங்க இடமும் உண்ண உணவும் கிடைத்ததா என்பதுதான் இங்கிருப்பவரின் கவலை.

கடைசியாகப் புறப்படுபவர் யார்?

வடக்கிலிருந்து கடைசியாகப் புறப்படும் பறவைகள் எவை என்று எண்ணுகிறீர்கள்? வலுவிழந்த கிழப் பறவைகள் என்றுதான் பலரும் நினைப்போம். உண்மை அதுவன்று. உள்ளான் இனங்கள் பெரும்பாலானவற்றில் மூத்தவைதாம் முதலில் கிளம்பி விடுகின்றன. குஞ்சுகள் சிறகு முற்றித் தம் வயிற்றைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலைக்கு வந்ததும் பெற்றோர் பறந்து போய்விடும். அவ்வாண்டு பிறந்த இளம் பறவைகள் சில வாரங்கள் தங்கித் தின்று, உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொண்டு, பின்னர்த் தனியாகப் புறப்படும். வழிகாட்ட மூத்தோர் எவரும் உடன் வருவதில்லை. வளைமூக்கு உள்ளானும் கொசு உள்ளானும் இப்படித்தான் ஆயிரக்கணக்கான கிலோ மீட்டர்களைக் கடந்து நம் கரைக்கு வருகின்றன.

கொசு உள்ளானின் எடை ஏறத்தாழ 25 கிராம். அடுக்களையில் இரண்டு மேசைக்கரண்டிச் சர்க்கரையை அள்ளி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். அவ்வளவுதான் அந்த உயிர். அதுவரை பார்த்திராத மலைகளையும் பாலைகளையும் கடந்து, அதுவரை பார்த்திராத ஒரு சேற்று நிலத்திற்கு அது வந்து சேர்கிறது.

எப்படி வருகிறது? பகற்பொழுது குறுகத் தொடங்கியதும் பறவையின் உடலில் பயணத்திற்கான மாற்றங்கள் நிகழ்கின்றன. பசி பெருகுகிறது, கொழுப்பு சேர்கிறது. அக்கொழுப்பே வழிச்செலவு. திசையறியக் கதிரவனும் விண்மீன்களும் பூமியின் காந்தப் புலமும் உதவுகின்றன என்று ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். எந்தத் திசையில் எவ்வளவு காலம் பறக்க வேண்டும் என்ற உணர்வு, முட்டையிலிருந்து வெளிவரும்போதே அதனுள் எழுதப்பட்டிருக்கிறது. படைத்தவனின் ஆற்றலை எண்ணி வியக்காமல் இருக்க முடியுமா?

இப்படி வரும் இளையவற்றில் பல, அடுத்த கோடையில் ஊர் திரும்புவதுமில்லை. மூத்தவை மாசி, பங்குனி, சித்திரையில் வடக்கே திரும்பிவிட, முதலாண்டுப் பறவைகள் பல இங்கேயே தங்கிவிடுகின்றன. வைகாசி வெயிலில் கழியோரம் தனியே திரியும் உள்ளானைக் கண்டால், வழி தவறிய பறவை என்று இரங்காதீர்கள். முதிர்ச்சி அடையும் வரை நம்மிடம் தங்கியிருக்கும் பிள்ளை அது.

ஈட்டியோடு வந்த நாரை

பறவைகள் வலசை போகின்றன என்பதே நீண்ட காலம் மனிதருக்குத் தெளிவாகத் தெரியாது. குளிர்காலத்தில் காணாமற்போகும் பறவைகள் ஏரிச் சேற்றுக்குள் உறங்குகின்றன என்றும், ஓர் இனம் வேறோர் இனமாக மாறிவிடுகிறது என்றும் கற்றவர்களே நம்பினார்கள். 1822இல் ஜெர்மனியில் ஒரு வெண்ணாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஓர் ஈட்டி குத்தியிருந்தது. அது ஆப்பிரிக்க மரத்தால் ஆன ஈட்டி. காயம்பட்ட கழுத்தோடு கண்டம் விட்டுக் கண்டம் பறந்து வந்த அப்பறவை, தான் குளிர்காலத்தைக் கழித்த இடம் எதுவென்று சொல்லாமல் சொல்லிவிட்டது. 1899இல் டென்மார்க் நாட்டு ஆசிரியர் மார்டென்சன், எண்ணும் முகவரியும் பொறித்த வளையங்களைப் பறவைகளின் காலில் முறையாக அணிவிக்கத் தொடங்கினார். அதன் பிறகே அவற்றின் பாதைகள் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன.

நம் நாட்டில் அப்பணியைப் பெரிய அளவில் முன்னெடுத்தவர் டாக்டர் சாலிம் அலி (1896–1987). பம்பாயில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, தாய்மாமன் அமீருத்தீன் தையப்ஜியின் இல்லத்தில் வளர்ந்தவர். சிறுவனாக இருந்தபோது விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டை வீழ்த்தினார். அதன் தொண்டையில் இருந்த மஞ்சள் திட்டு அவரை வியப்பில் ஆழ்த்தியது. அது என்ன பறவை என்று கேட்டறிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறினார். அங்கே செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயர் சிறுவனை விரட்டாமல், பாடம் செய்து வைத்திருந்த பறவைகளைப் பெட்டி பெட்டியாகத் திறந்து காட்டினார். கொன்ற பறவையின் பெயரைக் கேட்கச் சென்றவர், வாழ்நாள் முழுவதையும் பறவைகளுக்கே அளித்துவிட்டார். 1976இல் பத்ம விபூஷண் விருது அவரை வந்தடைந்தது.

அக்கழகத்தினர் கோடியக்கரையில் பல்லாண்டுகள் தங்கிப் பல்லாயிரம் பறவைகளுக்கு வளையமிட்டனர். அங்கு வளையமிடப்பட்டவற்றுள் சில, அன்றைய சோவியத் நாட்டின் வடபகுதிகளில் கண்டெடுக்கப்பட்டன. தமிழகத்துக் கடற்கரையும் சைபீரியப் பனிவெளியும் ஒரே பறவையின் இரு வீடுகள் என்பது அப்படித்தான் உறுதியாயிற்று. நம் பிள்ளை ஒரு கேள்வியோடு வரும்போது விரட்டாமல் பெட்டியைத் திறந்து காட்டும் ஒருவர் அமைந்தால் என்ன நிகழும் என்பதற்கும் இதுவே சான்று.

வேடர் தங்கிய ஊரின் வழக்கு

கடப்பாக்கத்திலிருந்து உள்நாட்டுப் பக்கம், மதுராந்தகம் வட்டத்தில் வேடந்தாங்கல் இருக்கிறது. ஏறத்தாழ 30 ஹெக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி. வேடர்கள் தங்கிய இடம் என்பது பெயரின் பொருள். அந்த ஊரார் பறவைகளுக்காக அரசாங்கத்திடம் வழக்காடியவர்கள் என்றால் நம்புவீர்களா?

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஏரிக்கு வந்து கூடு கட்டியிருந்த பறவைகளைச் சுட்டனர். ஊரார் கொதித்தெழுந்து, செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேசிடம் முறையிட்டனர். 1798ஆம் ஆண்டளவில், அங்கே எவரும் பறவைகளைச் சுடலாகாது என்னும் உரிமைச் சாசனம் அவர்களுக்குக் கிடைத்தது. 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது.

படிப்பறிவு குறைந்திருந்த அந்நாளைய உழவர்களுக்கு இந்தத் தெளிவு எங்கிருந்து வந்தது? வயலிலிருந்துதான். நத்தைகொத்தி நாரையும் கூழைக்கடாவும் கரண்டிவாயனும் நீர்க்காகமும் ஏரி மரங்களில் அடர்ந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் நீரில் கலக்கும். அந்நீர் பாயும் வயலுக்கு அதுவே உரம். பறவை வந்தால் விளைச்சல் உண்டு என்பதை அவர்கள் கண்ணால் கண்டிருந்தார்கள். பறவைகள் மிரளக்கூடாது என்பதற்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊர் அது. பண்டிகை நாளில் ஒரு குழந்தையின் கையிலிருந்து மத்தாப்பை வாங்கி வைப்பது எளிதான காரியமன்று. தலைமுறை தலைமுறையாக அங்கே அது நடந்து வருகிறது.

அருகிலேயே கரிக்கிலி ஏரியும் உள்ளது. மரத்தில் கூடு கட்டும் பறவைகள் வேடந்தாங்கலை நாட, நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்ற வாத்தினங்களும் கரைப்பறவைகளும் கரிக்கிலியை நாடுகின்றன. இவ்விரு ஏரிகளும் 2022இல் ராம்சர் ஒப்பந்தத்தின் கீழ்ப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. இத்தனை பெருமை இருந்தும் ஆபத்து நீங்கிவிடவில்லை. வேடந்தாங்கல் சரணாலயம் ஏரியோடு முடிவதன்று. அதைச் சுற்றி 5 கிலோ மீட்டர் வரை நீள்வது. 2020இல் அந்த எல்லையைச் சுருக்க ஒரு முன்மொழிவு எழுந்தபோது பறவை ஆர்வலர்களும் பொதுமக்களும் கடுமையாக எதிர்த்தனர். காரணம் எளியது. பறவை ஏரியில் உறங்குகிறது. உண்பதோ சுற்றிலும் உள்ள வயலிலும் குளத்திலும். படுக்கையறையை மட்டும் காப்பாற்றி அடுக்களையை இடித்துவிட்டால் அந்த வீட்டில் எவர் வாழ முடியும்?

கழி என்பது கழிவு அன்று

மீண்டும் கடப்பாக்கம் கழிக்கரைக்கு வருவோம். தெற்கே மரக்காணத்தை ஒட்டிக் கழுவெளி என்னும் பெரும் நீர்ப்பரப்பு இருக்கிறது. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி அதுவே. 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாகவும், 2024இல் ராம்சர் ஈரநிலமாகவும் அது அறிவிக்கப்பட்டது. வடக்கே முதலியார்குப்பத்தை ஒட்டி ஒதியூர்க் கழி. நடுவே உப்பளங்கள். ஐப்பசி மழை தொடங்கியதும் உப்பு விளைச்சல் நின்றுபோகும், பாத்திகளில் மழைநீர் தேங்கும். உப்பளத் தொழிலாளிக்கு வேலையில்லாத அந்த மாதங்களில்தான் பறவைக்கு அங்கே உணவு கிடைக்கிறது.

நின்று கவனித்தால் அந்த உணவுப் பந்தியில் ஓர் ஒழுங்கு தெரியும். குட்டை அலகுள்ள உப்புக்கொத்தி கண்ணால் பார்த்து ஓடிச்சென்று மேற்பரப்பில் கொத்தும். உள்ளான் சற்று ஆழத்தில் துழாவும். நீண்ட அலகுள்ள கருவால் மூக்கன் இன்னும் ஆழத்தில் புழுவைத் தேடும். பவழக்காலி நெடுங்காலோடு தண்ணீருக்குள்ளேயே நடக்கும். நீர் வற்றும் காலத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து நீரை வடிகட்டி உண்ணும். ஒருவர் இலையில் மற்றவர் கைவைப்பதில்லை. ஒரே சேறு அத்தனை பேருக்கும் போதுமானதாக இருக்கிறது.

ஆனால் நாம் அந்த இடத்தை எப்படிப் பார்க்கிறோம்? 'கழி' என்பது உப்பங்கழியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல். அதைக் 'கழிவு' என்று படித்துவிட்டோமோ என்னவோ, ஊர்க்குப்பை அங்கே போகிறது. நிலப் பதிவேட்டில் 'தரிசு' என்றோ 'புறம்போக்கு' என்றோ எழுதிவிட்டால் மண்ணடித்து மேடாக்க மனம் கூசுவதில்லை. சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அப்படித்தான் கண்ணெதிரே சுருங்கியது. இறால் பண்ணைகள் கடலோர நிலத்தை விழுங்கத் தொடங்கியபோது, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தலையிட நேர்ந்தது. சீமைக் கருவேலம் ஒருபுறம் பரவ, வீட்டுமனைகளும் உல்லாச விடுதிகளும் மறுபுறம் வளர்கின்றன.

இதனால் யாருக்கு நட்டம்? முதல் நட்டம் மீனவருக்கு. இறாலும் மீனும் குஞ்சு பருவத்தில் வளரும் தொட்டில் கழிதான். அடுத்த நட்டம் ஊராருக்கு. பெருமழை வெள்ளத்தை வாங்கிக்கொள்ளும் வயிறு கழிதான். மூன்றாவது நட்டம் அந்த 25 கிராம் உயிருக்கு. பெற்றோர் துணையின்றி, உள்ளே எழுதப்பட்ட வழியை மட்டும் நம்பி அது புறப்பட்டு வருகிறது. வந்திறங்கும் இடத்தில் சேறு இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. அங்கே கட்டடம் எழும்பியிருந்தால் அதற்கு முன்கூட்டித் தந்தி கொடுப்பார் எவருமில்லை. சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் வழியில் தீர்ந்த பின், வேறிடம் தேட அதற்கு எவ்வளவு வலு மிஞ்சியிருக்கும்?

நீங்கள் செய்யக்கூடியவை

வரும் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு காலைப் பொழுதேனும் கழிக்கரைக்குச் சென்று வாருங்கள். விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சாதாரண இருகண் தொலைநோக்கி ஒன்று இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும் பொறுமை போதும். கதிரவன் முதுகுப்புறம் இருக்கும்படி நில்லுங்கள். பளிச்சென்ற நிற ஆடைகளைத் தவிர்த்து விடுங்கள். படம் எடுப்பதற்காகப் பறவைக் கூட்டத்தை நோக்கி நடக்காதீர்கள். பிள்ளைகள் கல்லெறிய விடாதீர்கள். ஒரு தடவை மிரண்டு எழுந்தால், அது சேர்த்து வைத்த உணவில் ஒரு பங்கு வீணாகிறது. கொண்டுபோன நெகிழிப் பையையும் தண்ணீர்ப் புட்டியையும் வீட்டுக்கே திரும்பக் கொண்டு வாருங்கள்.

இல்லத்தரசிகளுக்கு ஒரு வேண்டுகோள். உள்ளான் கறி என்றும் காட்டு வாத்து என்றும் எவரேனும் வாசலில் கொண்டுவந்து விற்றால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். அந்த ஒரு பிடி இறைச்சிக்காக எத்தனை ஆயிரம் கிலோ மீட்டர்ப் பயணம் முடிவுக்கு வருகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

பள்ளி மாணவர்களுக்கும் பணி உண்டு. ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. 2015 முதல் தமிழகத்தில் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பும் நடந்து வருகிறது. யார் வேண்டுமானாலும் தம் ஊர்க் குளத்தில் கண்டதை எண்ணிப் பதிவு செய்யலாம். ஒரு நீர்நிலையில் இத்தனை பறவைகள் வந்தன என்ற எழுத்துப்பூர்வமான கணக்கு, நாளை அந்நீர்நிலை வழக்குமன்றத்தில் நிற்கும்போது சாட்சியாகும். வேடந்தாங்கல் உழவர்கள் அன்று ஒரு சாசனம் பெற்று வைத்ததும் இதற்காகவே அல்லவா?

அன்பர்களே! மார்கழி பிறப்பதற்குள் வரவேண்டியவை ஏறக்குறைய வந்து சேர்ந்துவிடும். வடக்கே ஏதோ ஓர் ஏரிக்கரையில், கடைசிப் பறவை எழுந்து தென்திசையில் மறைவதை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார். அவரை நாம் அறியோம். அவரும் நம்மை அறியார். அவர் அனுப்பிய பிள்ளை ஆலம்பரைக் கழிச்சேற்றில் பத்திரமாக இறங்கி இரை தேடத் தொடங்கிவிட்டது என்பதை, ஒரு காலை வேளையில் நேரில் போய்ப் பார்த்து வாருங்கள்.